வலது பக்கத்து மீன்

சேசு மரி சூசை துணை

பாம்பன்

அன்பு மகள் ஷெரினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே உன் அம்மா சுகம், வள்ளம் சுகம், வலை சுகம், பூனைகூடத் தின்று கொழுத்து சுகமாக இருக்கிறது. நானும் சுகம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன், ஆனால் என் சுகத்தில் சரியாக ஒரு கண்ணளவு குறைகிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ கனடாவில் அந்தக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். பதறாமல் படி. பதற வேண்டியதையெல்லாம் உன் அம்மா உனக்கும் சேர்த்து இங்கே பதறி முடித்துவிட்டாள்.

ஃபோன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் சொன்னால் நீ கிடைத்த விமானத்தில் ஏறி வந்து வாசலில் நிற்பாய், வேலையில் சேர்ந்த புதிதில் லீவு கேட்டால் யார் தருவார்கள் என்று உன் அம்மா என்னை மாதா சொரூபத்தின் முன்னால் நிறுத்தி, ஷெரினிடம் ஃபோனில் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டாள். கடிதத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, மாதாவும் சும்மா இருந்துவிட்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு. நான் இப்போது இருக்கிற கோலத்தில் ஒரு மனிதனால் செய்ய முடிந்த வேலை கடிதம் எழுதுவது ஒன்றுதான். நாடாக் கட்டிலில் குப்புறப் படுத்திருக்கிறேன். தலைமாட்டுப் பக்கம் நாடாவை வெட்டி ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்குள் என் முகம், முகத்துக்கு நேர் கீழே ஒரு முக்காலி, முக்காலியில் இந்தப் பேப்பர். வலது கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இடது கண்ணால் பார்த்து எழுதுகிறேன், வரி கோணியிருந்தால் திட்டாதே. அன்றைக்கு வீடியோவில் நீ, அப்பா ஏன் உச்சந்தலையை மட்டும் காட்டுறீங்க, வழுக்கை விழுந்திருச்சு என்று சிரித்தாயே, அப்போது நான் குனிந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னது பொய். வழுக்கை மட்டும் உண்மை.

எப்படி ஆரம்பித்தது என்று கேள். வாடைக்காற்று அடங்கிக் கடல் தெளிந்திருந்த சமயம். விடிந்தும் விடியாமலும் தென்கடலில் வள்ளம் விட்டோம். வலைக்கு நானும் என் சிநேகிதன் இன்னாசியும், எஞ்சினுக்கு உன் மாமன் மகன் சகாயவினோத். கரை மறைகிற தூரம் போயிருப்போம், வலது கண்ணோரத்தில் பளிச். கொஞ்சம் பொறுத்து மறுபடி பளிச், பளிச். சூடை மீன் கூட்டம் மேலே வந்து புரளும்போது வெள்ளியாக மின்னுமே, அதே மின்னல். ஏலே வினோத்து, வலது பக்கம் கூட்டம் கிடக்குடா, திருப்பு என்று கத்தினேன். திருப்பினான். திரும்பிய பிறகு பார்த்தால் மின்னல் இன்னும் வலது பக்கம். மீன் நகருதுடா, இன்னும் வலது என்றேன். இன்னும் திருப்பினான். மீனும் இன்னும் வலது பக்கம் போயிற்று. நம் துறையில் உள்ள வழக்கம் உனக்குத் தெரியும், ஒரு வள்ளம் திடீரென்று திரும்பினால் மற்ற வள்ளமெல்லாம் அதன் பின்னால் திரும்பும், ஏன் என்று கேட்க யாருக்கும் நேரம் கிடையாது. அதிலும் மரியசெல்வம் கை காட்டித் திரும்பினால் கேட்கவே வேண்டாம், எனக்கு அப்படி ஒரு பேர். பக்கத்து வள்ளக்காரன் அம்மார் முதலில் திரும்பினான், அவனைப் பார்த்து அடுத்தவன், அடுத்தவனைப் பார்த்து அதற்கடுத்தவன். திருவிழாச் சப்பரம் கோயிலைச் சுற்றுகிற மாதிரி அன்றைக்குத் தென்கடலில் அத்தனை வள்ளமும் வரிசையாக வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது, நடுவில் ஒரு மீன் கிடையாது. வலையைப் போட்டு இழுத்ததில் கூழாக வழுக்கும் சொறிமீன் ஒரு கூடையும் ஒற்றைச் செருப்பும் வந்தன.

இன்னாசிதான் முதலில் சந்தேகப்பட்டான். எழுந்து என் முன்னால் வந்து நின்றுகொண்டு, செல்வம், கண்ணை மூடு என்றான். மூடினேன். இப்ப மீன் தெரியுதா என்றான். நான் உள்ளதைத்தானே சொல்ல முடியும், தெரியுதுடா, பளிச்சுன்னு தெரியுது என்றேன். ஏலே, கண்ணை மூடுன பெறகும் தெரிஞ்சா அது மீனில்லடா, வேற என்னமோ, வா கரைக்கிப் போவோம் என்றான். வினோத் சிரித்த சிரிப்பில் எஞ்சின் நின்றுவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெயில் கூசுது, வேறொன்றுமில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டேன். ஆனால் கரைக்கு வந்த பிறகு கண்ணுக்குள் கொசு பறக்கிற மாதிரி கரும்புள்ளிகள் மிதக்க ஆரம்பித்தன. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கடலுக்கு விடமாட்டார்கள்.

சொல்லாமல் இருந்தது எப்படி வெளியே வந்தது என்றால், முற்றத்தில் உட்கார்ந்து புதுத் துடுப்புக்கட்டை நேராக இருக்கிறதா என்று இடது கண்ணை மூடிப் பார்த்தேன். கட்டையில் பாதிதான் இருந்தது. கீழே கறுப்பாக ஏதோ ஏறி நிற்கிறது. சரி என்று நிமிர்ந்து பார்த்தால் உன் அம்மா குடத்தோடு வருகிறாள், இடுப்புக்கு மேலே இருக்கிறாள், இடுப்புக்குக் கீழே ஆள் இல்லை. நான் போட்ட சத்தத்தில் அவள் குடத்தைப் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் முதலில் என்னைத் திட்டினாள், அடுத்து இன்னாசியைத் திட்டினாள், அப்புறம் புடவையை மாற்றிக்கொண்டு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏற்றினாள். அங்கே கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் நாற்காலியை விட்டு எழுந்து, இப்பவே மதுரைக்குப் போங்க, சாப்பிட்டுப் போவோம்னு நிக்காதீங்க என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கிற விழித்திரை கிழிந்து, கிழிசல் வழியாக உள்ளே தண்ணீர் புகுந்து, சுவரை விட்டுக் கழன்று தொங்குகிறது என்று படம் வரைந்து காட்டினார். நான், புரியுதும்மா, நம்ம ஃபைபர் வள்ளத்திலயும் ஒரு ஓட்டை விழுந்து தண்ணி பூந்தா ஷீட்டு அப்படித்தான் உரியும், தண்ணியை எடுத்துட்டு மேலே பாரத்தை வச்சு அமுக்கிக் காய விடுவோம் என்றேன். அதே வேலைதான் அய்யா, ஆனா வள்ளம் பேசாம கிடக்கும், நீங்க கிடப்பீங்களான்னுதான் யோசிக்கிறேன் என்றார். தண்ணீரை எடுத்து, லேசரால் ஓரத்தை ஒட்டி, பாரத்துக்குப் பதிலாகக் கண்ணுக்குள் ஒரு காஸ் குமிழியை விடுவார்களாம். குமிழி எப்போதும் மேலேதான் எழும்பும், அது பின்சுவரைப் போய் அழுத்த வேண்டுமானால் பின்சுவர் மேலே இருக்க வேண்டும், ஆகவே என் முகம் ராப்பகலாகத் தரையைப் பார்க்க வேண்டும். வயித்துல இருக்கிற காஸு போதாதுன்னு கண்ணுலயுமா என்று உன் அம்மா கேட்டாள், டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதியும் கழன்றிருக்கிறது, எவ்வளவு பார்வை திரும்பும் என்று இப்போது வாக்குக் கொடுக்க முடியாது, குமிழி கரைந்த பிறகுதான் தெரியும், அதற்குள் தலையை நிமிர்த்திக்கொண்டு அலைந்தால் மறுபடி கழன்றுவிடும் என்றார். குமிழி இருக்கும்வரை விமானத்தில் ஏறவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். பிறந்ததிலிருந்து நான் ஏறாத ஒன்று அதுதான், அதற்கும் தடை போட்டாயிற்று.

ஆபரேஷன் வலிக்கவில்லை, ஊசி போடுகிறபோது மட்டும் கொஞ்சம். ஆனால் விழிப்போடுதான் படுக்க வைக்கிறார்கள், முகத்தில் துணியைப் போட்டுவிட்டுச் சும்மா கிட என்றால் நான் எப்படிக் கிடப்பேன், வட்டம் போட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சப்பரம் வரைக்கும் வந்தேன், நீங்க பேசினா தலை ஆடுது, நான் சிரிச்சா கை ஆடும், ரெண்டும் ஆகாது, வாயை மூடுங்க என்று டாக்டரம்மா அதட்டினார். மறுநாள் கட்டுப் பிரிக்க வந்தபோது அவரே, செருப்பு வந்துச்சா, அப்புறம் என்னாச்சு என்று கேட்டு உட்கார்ந்துகொண்டார், ராத்திரி நான் நர்சுகளிடம் சொன்ன கதையை அவர்கள் அதுவரைக்கும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது வேனில் முன் சீட்டில் தலையணையை வைத்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தேன். மண்டபம் செக்போஸ்ட்டில் வண்டியை மறித்த போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, என்னம்மா, காலையிலேயேவா என்றாராம். உன் அம்மா அவருக்குக் கொடுத்த பதிலை எழுத்தில் எழுத முடியாது.

கட்டில் ஓட்டை இன்னாசியின் வேலை. வலைக்கத்தியால் நாடாவை அறுத்து, பிரிந்துவிடாமல் சுற்றிலும் வலைக் கயிற்றால் முடிச்சுப் போட்டிருக்கிறான், நன்றாகவே இருக்கிறது, மூக்கு மட்டும் கொஞ்சம் உரசும். இங்கிருந்து பார்த்தால் மனிதர்களுக்கு முகம் கிடையாது, கால்தான். பார்க்க வருகிறவர்களைக் காலை வைத்தே பேர் சொல்லிவிடுகிறேன். வெடிப்பில் தார் ஒட்டியிருந்தால் இன்னாசி, நகத்தில் மருதாணி இருந்தால் வினோத்தின் பெண்டாட்டி, தரையில் பட்டும் படாமலும் நின்றால் ஏதோ கேட்க வந்த ஆள். அம்மார் வந்தவன் கால் மட்டும் தெரிந்தால் போதாது என்று கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து வந்து முக்காலியைத் தள்ளிவிட்டு மல்லாக்கப் படுத்துக்கொண்டான். அவன் மூக்குக்கும் என் மூக்குக்கும் ஒரு சாண். அண்ணே, உங்க கண்ணுக்குள்ள கிடந்த மீனுக்கு நானும்ல டீசலைக் கொளுத்திக்கிட்டு வந்தேன், என்ன பதில் சொல்றீங்க என்றான். நான் சிரிக்க, கட்டில் ஆட, உன் அம்மா விளக்குமாற்றோடு வர, அவன் தவழ்ந்தே ஓடிவிட்டான். போகும்போது, பள்ளிவாசல்ல உங்களுக்காக துஆ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணே, சீக்கிரம் எந்திரிங்க என்றான். சாப்பாடும் அடியில்தான் வரும். நேற்று விளைமீன் குழம்பை முக்காலியில் வைத்துவிட்டு உன் அம்மா தண்ணீர் எடுக்கப் போனாள், பூனை வந்து என் கண்ணெதிரே நடுத்துண்டத்தை நிதானமாகத் தின்றது. நான் ஊதினேன். ஊதுவதைத் தவிர என்னால் வேறு என்ன செய்ய முடியும், அது கண்ணை மூடிக்கொண்டு காற்று வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன், தலையைக் குனிந்துகொண்டால் கொஞ்சம் நடக்கலாம். அன்றைக்குப் பூசை வைக்க வந்தவர் வெளியூர் சாமியார், எங்களைத் தெரியாது. பிரசங்கத்தில், அதோ அந்தப் பெரியவரைப் பாருங்கள், கோயிலுக்குள் வந்ததிலிருந்து ஆண்டவர் முன்னால் தலையை நிமிர்த்தவே இல்லை, மனத்தாழ்ச்சி என்றால் அது என்று என்னைக் காட்டிவிட்டார். இன்னாசி வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டான். உன் அம்மா மட்டும் அது உண்மை போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கதை தனி. ஓரியூர் புனித அருளானந்தருக்கு வெள்ளியில் கண்மலர் வைப்பதாக நேர்ந்திருக்கிறாள். கடையில் போய் ஒற்றைக் கண்தான் வேண்டும் என்றிருக்கிறாள், கடைக்காரர் ஜோடியாகத்தான் தருவேன், ஒத்தையை நான் யாரிடம் விற்பேன் என்றாராம். நல்லா இருக்கிற கண்ணையும் சேர்த்து வச்சா புனிதருக்கு எந்தக் கண்ணுன்னு குழப்பம் வராதா என்று இவள் சண்டை. கடைசியில் ஜோடியாக வாங்கி, ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள்.

எல்லாம் சிரிப்பாகவே எழுதுகிறேன் என்று நினைக்காதே தாயீ. தரையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறவனுக்கு யோசனைதான் வரும். கடலில் ஒற்றைக் கண்ணுக்கு அலையின் தூரம் பிடிபடாது. வள்ளத்தில் ஏறிக்கொள் என்று சொல்வார்கள், மரியாதைக்கு ஏற்றிக்கொண்டும் போவார்கள், ஆனால் ஏற்றிக்கொண்டு போவது வேறு, என் கையைப் பார்த்துத் திரும்புவது வேறு. இப்போதே நான் இல்லாமல் வினோத் போய் வருகிறான், பரவாயில்லாமல் மீன் கொண்டு வருகிறான், வந்து என் கட்டில் பக்கத்தில் நின்று எங்கே போட்டோம், எவ்வளவு கிடைத்தது என்று சொல்கிறான். நான் அவன் காலைப் பார்த்துக்கொண்டு சரி சரி என்கிறேன். இந்தக் கண் வராவிட்டால் நான் கரையில் உட்கார்ந்து சரி சரி என்கிற ஆள்தான். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். முடிவு தெரியாமல் இதை உனக்கு அனுப்பவும் மனமில்லை. மடித்து மெத்தைக்கு அடியில் வைக்கிறேன், மதுரைக்குக் கடைசியாகக் காட்டிவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

ஷெரின், இப்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன், வரி நேராக வருகிறதா பார். கட்டிலை விட்டு எழுந்த பிறகு குமிழி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கண்ணுக்குள்ளே ஒரு நீர்மட்டக் கோடு தெரியும், கோட்டுக்கு மேலே உலகம் தெளிவு, கீழே கலங்கல். கடல் வற்றுகிற மாதிரி அந்தக் கோடு தினமும் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் கோலிக்குண்டு அளவுக்கு அடியில் உருண்டது, ஒரு காலை எழுந்தால் அதுவும் இல்லை. உன் அம்மாவுக்குக் காலும் வந்துவிட்டது. நேற்று மதுரைக்குப் போனோம். டாக்டரம்மா இடது கண்ணை மூடச் சொல்லி எழுத்துப் பலகையைக் காட்டினார், மேல் வரிகளை வாசித்தேன், கீழ் வரிகள் எறும்பாக இருந்தன. நல்லா ஒட்டியிருக்கு அய்யா, பார்வை இன்னும் கொஞ்சம் ஏறும், பழையபடி முழுசா வராது, நேர்கோடு லேசா நெளிஞ்சு தெரியும் என்றார். கடலில் எதும்மா நேர்கோடா இருக்கு என்றேன். மறுபடி மின்னல் தெரிந்தால் மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வரவேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியது. வலது ஜன்னலோரம் நான், பக்கத்தில் உன் அம்மா தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். பாலத்தில் பாதி வந்திருக்கும், வலது கண்ணோரத்தில் பளிச். மறுபடி பளிச், பளிச். இத்தனை நாள் குப்புறக் கிடந்ததும், பூனையிடம் தோற்றதும், உன் அம்மாவின் நேர்ச்சையும் எல்லாம் வீணாகிவிட்டதே, இவளை எழுப்பி இந்தச் செய்தியை எப்படிச் சொல்வேன் என்று அவள் தூங்குகிற முகத்தையே பார்த்தேன். அப்போதுதான் இன்னாசி நினைவு வந்தது. கண்ணை இறுக்கி மூடினேன். இருட்டு. மின்னல் இல்லை. திறந்தேன், பளிச். மூடினேன், இல்லை. அப்படியும் நம்பிக்கை வராமல் உன் அம்மாவை இடித்து எழுப்பி, ஏ ஹெலன், அங்கன ஏதாச்சும் தெரியுதா பாரு என்றேன். அவள் என் மேல் சாய்ந்து ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்து, சூடைங்க, எம்புட்டுக் கிடக்கு பாருங்க, கடல்காக்கா எல்லாம் விழுந்து கொத்துது, எனக்கும் தெரியுதுங்க என்றாள். நான் பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். அழாதீங்க, சொட்டு மருந்து கரைஞ்சு போயிரும் என்று அதட்டிக்கொண்டே அவளும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

உடனே வினோத்துக்கு ஃபோன் போட்டேன். ஏலே, பாலத்துக்குத் தெக்க, வலது பக்கம், சூடை கிடக்குடா, வள்ளத்தை எடு என்றேன். அவன், மாமா, எந்தக் கண்ணுல மாமா கிடக்கு என்கிறான். உன் அம்மா ஃபோனைப் பிடுங்கி, நானும் பாத்தேன்டா, போடா என்றாள், அதற்குப் பிறகுதான் போனான். அவன் போவதைப் பார்த்து அம்மாரும் போனான், ஏன் என்று கேட்க நேரமில்லையே. இரண்டு வள்ளத்துக்கும் மீன்பாடு நன்றாக விழுந்தது. இன்றைக்குக் காலையில் அம்மார் ஒரு கூடை சூடையை வாசலில் வைத்துவிட்டு, டீசல் கணக்கு நேராயிருச்சு அண்ணே என்று சொல்லிவிட்டுப் போகிறான். இனி நான் கை காட்டினால் திரும்புவார்கள் மகளே. என்ன ஒன்று, அத்தையும் பாத்தாங்களா என்று வினோத் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வான், கேட்டுக்கொள்ளட்டும்.

இதுவரை எழுதி மறுபடி மெத்தைக்கு அடியில் வைத்திருந்த கடிதத்தை உன் அம்மா எடுத்துப் படித்துவிட்டாள். சத்தியம் ஃபோனுக்கு மட்டும்தானா என்று கேட்டுவிட்டு, தான் அழவே இல்லை, மூக்கு அடைத்திருந்தது என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தடிக் கண்ணாடி போடுகிற பிள்ளைகள் இருந்தால் அவர்கள் விழித்திரையையும் ஒரு முறை காட்டிவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்தே உன் கண்ணாடி சோடா பாட்டில் அடி மாதிரிதான் இருக்கும். ஆகவே லீவு நாளில் போய்க் காட்டிவிட்டு எங்களுக்குச் சொல். பீரோவில் இருக்கிற ஒற்றைக் கண்மலரை உன் அம்மா உன் பேரில்தான் வைத்திருக்கிறாள், அதற்கு வேலை வராமல் அது அங்கேயே கிடந்து கறுத்துப் போகட்டும்.

ஆண்டவரும் மாதாவும் உன் கூடவே நடந்து, கால் வழுக்காமல், உடம்புக்கு ஒன்றும் வராமல் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. எப்போதாவது கண்ணோரத்தில் பளிச்சென்று தெரிந்தால் பக்கத்தில் இருப்பவரிடம், உங்களுக்கும் தெரிகிறதா என்று கேள். தெரியவில்லை என்றால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போ. தெரிகிறது என்றால் வலையைப் போடு. அப்படிக் கேட்கிறதுக்காவது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டாமா என்று உன் அம்மா சொல்கிறாள். என் பங்குக்கு, பாலத்தில் அன்றைக்கு அவள் பக்கத்தில் இருந்தாள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு கண்ணாலும் உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
உன் அப்பா
அ. மரியசெல்வம்